ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: பிரித்துப் பழுதுபார்ப்பதா, மாற்றிவிடுவதா?

இந்தப் பதிலைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வண்டி 2016ஆம் ஆண்டின் பெட்ரோல் செடான். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகையைச் சேர்ந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக். இதுவரை 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் சென்னை மடிப்பாக்கத்திலிருந்து கிளம்பும்போது குறை எதுவும் தெரிவதில்லை. அரை மணி நேரம் நெரிசலில் ஊர்ந்த பிறகு லீவரை டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றினால், ஓரிரு விநாடி கழித்துத்தான் வண்டி நகர்கிறது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இன்ஜினின் சுழற்சி மட்டும் சட்டென ஏறி இறங்குகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி போனால் ஒரு நடுக்கம் வருகிறது. கியர்பாக்ஸ் ஆயிலை ஒருமுறைகூட மாற்றியதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் புது கியர்பாக்ஸ் போட 2,85,000 ரூபாய் கேட்கிறது. பாடி என்ற பகுதியில் உள்ள தனியார் ஒர்க்‌ஷாப் பிரித்து ஓவர்ஹால் செய்ய 1,15,000 ரூபாய் என்கிறது. பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் வாங்கி மாட்டுவதற்கு 65,000 ரூபாய் ஆகும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இவற்றில் எதைச் செய்வது, அல்லது இருக்கிற நிலையிலேயே வண்டியைத் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தொடங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது, மூன்றிலுமே எந்தப் பாகம் கெட்டது, எதனால் கெட்டது என்று ஒரு வரிகூட இல்லை என்பதுதான். கெட்ட பாகத்தின் பெயர் இல்லாத எஸ்டிமேட்டை நான் எஸ்டிமேட்டாகவே கணக்கில் எடுப்பதில்லை. அது ஒரு வேலையின் விலைப்பட்டியல், உங்கள் வண்டியைப் பற்றிய முடிவு அல்ல. சர்வீஸ் சென்டரை மட்டும் இதற்காகக் குறைசொல்ல முடியாது. ஆட்டோமேட்டிக் பெட்டியை மேசைமேல் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் எல்லாக் கிளைகளிலும் இருப்பதில்லை. பிரித்துச் சேர்த்த வேலை மறுபடியும் பழுதானால் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். முழுப் பெட்டியாக மாற்றிவிட்டால் அந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு வசதியான வழி என்பதாலேயே அது உங்களுக்கு அவசியமான வழி ஆகிவிடாது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் செலவு, ஓராயிரமோ சில ஆயிரங்களோ ஆனாலும், நோயறிவதற்கு. அதிலும் முதல் வேலை, கியர்பாக்ஸ் குற்றவாளியே இல்லாத வாய்ப்புகளை ஒதுக்குவது. பேட்டரி பலவீனமாக இருந்தாலோ, எர்த் இணைப்பில் துரு ஏறியிருந்தாலோ, கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினி தாறுமாறான ஆணைகளைக் கொடுக்கும். இன்ஜின் மவுண்ட் கிழிந்திருந்தால் கியர் மாறும்போது ‘தடக்’ என்று ஓர் அடி விழும்; அதைப் பெட்டியின் கோளாறு என்று எண்ணிக்கொள்வது மிகச் சாதாரணம். ஓர் இக்னிஷன் காயில் விட்டுவிட்டு வேலைசெய்தால் வரும் இழுப்பும், கன்வெர்ட்டர் நடுக்கமும் ஓட்டுபவரின் இருக்கையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். டேஷ்போர்டில் விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி0700 என்ற பிழைக்குறியீடு மட்டும் வந்தால் அது ‘கியர்பாக்ஸ் கணினி ஏதோ சொல்ல விரும்புகிறது’ என்ற முன்னறிவிப்பு மட்டுமே. அந்தக் கணினிக்குள் தனியாகப் போய்ப் படிக்க வேண்டும். பி0730 என்றால் கேட்ட கியர் விகிதம் கிடைக்கவில்லை, அதாவது எங்கோ வழுக்குகிறது. பி0741 என்றால் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் (சீரான ஓட்டத்தில் கன்வெர்ட்டரை நழுவாமல் இறுக்கிப் பிடிப்பது) பிடிக்கவில்லை. பி0715 என்றால் உள்சுழற்சி சென்சார், அல்லது அதன் ஒயர். கடைசியாகச் சொன்ன இந்தச் சென்சாருக்காக முழுப் பெட்டியை மாற்றச் சொல்லும் எஸ்டிமேட்டுகளும் இருக்கின்றன என்பதால்தான் குறியீட்டைத் தாளில் எழுதி வாங்கச் சொல்கிறேன்.

இனி உங்கள் அறிகுறிகளுக்கு வருவோம். குளிர்ந்திருக்கும்போது நன்றாகவும் சூடேறிய பின் மோசமாகவும் இருப்பது ஆயில் அழுத்தத்தைச் சுட்டுகிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் கியரைப் பிடிப்பது கிளட்ச் தட்டுகள்; அந்தத் தட்டுகளை நெருக்குவது ஆயிலின் அழுத்தம். சூடாகி நீர்த்துப்போன ஆயில், தேய்ந்த ரப்பர் சீல்கள் வழியாகவும் ஆயிலை அந்தந்தக் கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் தேய்ந்த துளைகள் வழியாகவும் கசிந்துவிடுகிறது. அழுத்தம் சேர நேரமாகிறது. அதுதான் அந்த இரண்டு விநாடி. டிரைவ், ரிவர்ஸ் இரண்டிலும் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கியரைப் பிடிக்கும் கிளட்ச் வேறு, ரிவர்ஸைப் பிடிப்பது வேறு. இரண்டும் ஒரே நேரத்தில் தாமதிக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவானவற்றை, அதாவது ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் இன்ஜின் கத்துகிறதே, அது வேறு ஒரு தடயம். முன்சக்கரங்களால் இயங்கும் வண்டிகளில் வரும் பல ஆறு கியர் பெட்டிகளில் ஒரே கிளட்ச் தொகுதிதான் மூன்றாவது கியர், ஐந்தாவது கியர், ரிவர்ஸ் ஆகிய மூன்றிலும் பாரத்தைத் தாங்குகிறது. எனவே நன்கு சூடேறிய வண்டியில் மூன்றைக் கவனித்துச் சொல்லுங்கள்: ரிவர்ஸின் தாமதம் டிரைவின் தாமதத்தைவிட அதிகமா, நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போதும் அதேபோல் சுழற்சி எகிறுகிறதா, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறுவது இன்னமும் ஒழுங்காக இருக்கிறதா. மூன்றுக்கும் ஆம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் அந்த ஒரு கிளட்ச் தொகுதியும் அதை நெருக்கும் பிஸ்டன் சீலும்தான். எல்லா மாற்றங்களும் ஒரே மாதிரி சோர்ந்திருக்கின்றன என்றால் பம்பையோ வால்வ் பாடியையோ நோக்கிப் போக வேண்டும். அழுத்தமானியை மாட்டிப் பார்த்தால் அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை ஓர் ஒர்க்‌ஷாப் செய்ய மறுத்தால், அல்லது அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விழித்தால், அங்கே பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

அறுபதில் வரும் நடுக்கம் இவற்றிலிருந்து தனித்தது. சீரான வேகத்தில் லேசான மிதிப்பில் வருவதால் லாக்கப் கிளட்சைச் சந்தேகிக்கலாம். வண்டி நெருக்கம் இல்லாத நேரத்தில், பின்னால் எவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நடுங்கும்போது ஆக்சிலேட்டரை விடாமலேயே பிரேக் பெடலை இடது காலால் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டுப் பாருங்கள். பிரேக் சுவிட்ச் இயங்கியவுடன் கணினி லாக்கப்பை விடுவிக்கும். அந்தக் கணமே நடுக்கம் நின்றுவிட்டால் அது கன்வெர்ட்டருடையது. நிற்காமல் தொடர்ந்தால் இன்ஜின் மிஸ்ஃபயர், ஆக்சில், டயர் என்று வேறு பக்கம் தேடலாம்.

அடுத்தது ஆயில். உங்கள் வண்டியின் கையேட்டில் ‘ஆயுள்கால ஆயில்’ என்று இருப்பதாகச் சொல்கிறீர்கள். அந்த ஆயுள் யாருடைய ஆயுள் என்று கையேடு சொல்வதில்லை. கியர்பாக்ஸ் ஆயில் 80 முதல் 90 டிகிரி வரை இயல்பாக வேலை செய்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது என்பது இந்தத் தொழிலில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் பொதுவிதி. கத்திரி வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு, பள்ளிக்கரணையிலிருந்து சோழிங்கநல்லூர் வரை நின்று நின்று போகிற வண்டி, கையேடுகளே ‘கடின உபயோகம்’ என்று தனியாகப் பிரித்துச் சொல்லும் வகையைச் சேர்ந்தது. சென்னையில் தினமும் ஓடும் டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு 50,000 அல்லது 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது நியாயமான பழக்கம்.

இப்போது அந்த ஆயிலைச் சிறிது வடித்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பழுப்பாகி இருந்தால் வயது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் உராய்வுப் பூச்சு எரிந்திருக்கிறது. அடித்தொட்டி உள்ள பெட்டியானால் அதைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்க்க வேண்டும்: சாம்பல் நிறத்தில் மை போன்ற நுண்பசை படிந்திருப்பது எல்லாப் பெட்டிகளிலும் காணப்படுவதுதான், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்படத் தேவையில்லை. விரலில் குத்தும் இரும்புச் செதிலோ, பித்தளை நிறத்தில் மினுக்கும் துகளோ வந்தால் புஷ், பேரிங், கியர் போன்ற கடினப் பாகங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற முடிவில் பாதியை அந்தக் காந்தம் சொல்லிவிடும்.

ஆயில் ரோஸ் மில்க் போல வெளுத்துக் கலங்கி வந்தால் அது வேறு கதை, உங்களைப் பொறுத்தவரை இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, பாதிச் சக்கரம் மூழ்கிய தண்ணீரிலேயே ஓட்டிக்கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தியதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். கியர்பாக்ஸின் மேல்பகுதியில் காற்று போய்வர ஒரு சிறு துவாரம் உண்டு. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த நீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்தத் துவாரமோ ஆக்சில் சீலோ நீர்மட்டத்துக்கு அருகில் இருந்தால் வெள்ள நீர் உள்ளே உறிஞ்சப்படும். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சு காகித இழையால் ஆனது, தட்டோடு பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் அந்தப் பசையை இளக்கிவிடும், வால்வுகளில் துருவும் ஏறும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இந்த நகரத்தில் எல்லோரும் இன்ஜினைத்தான் கவலையோடு பார்த்தார்கள். இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு, கியர்பாக்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துப்போனவர்கள் ஏராளம்.

கலங்கல் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் இருந்தாலும் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நன்றாகச் சூடாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு ஆயிலை விட வேண்டும். நீர் இருந்தால் சடசடவென்று பொரிந்து தெறிக்கும், இல்லையென்றால் அமைதியாகப் பரவிப் புகையும். கண்ணாடி அணிந்துகொண்டு, சமையலுக்குப் பயன்படாத தகட்டில் செய்யுங்கள். வெள்ளம் தவிர இன்னொரு வழியிலும் நீர் வரலாம்: கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் பல வண்டிகளில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது, அது உள்ளுக்குள் ஓட்டை விழுந்தால் கூலண்ட் கியர்பாக்ஸுக்குப் போய்விடும். அந்த நிலையில் கூலரை மாற்றாமல் 2,85,000 ரூபாய்க்குப் புதுப் பெட்டி போட்டாலும் அதுவும் அதே வழியில் போகும். இதனால்தான் ‘எதனால் கெட்டது’ என்ற கேள்வியை ‘எது கெட்டது’ என்பதற்குச் சமமாக வைக்கிறேன். இன்சூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை: இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பில் பல பாலிசிகள் நீர் புகுந்த கியர்பாக்ஸையும் சேர்த்துக்கொள்கின்றன, ஆனால் அது சம்பவம் நடந்தவுடன் தெரிவித்தவர்களுக்கு. தேய்மானத்தால் வரும் பழுதுக்கு எந்த மோட்டார் பாலிசியும் பணம் தராது.

வெறும் ஆயிலை மாற்றிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடுக்கம் மட்டுமே இருந்திருந்தால், தயங்காமல் அதைத்தான் முதலில் செய்யச் சொல்லியிருப்பேன். சரியான தரத்தில் புது ஆயில் போட்டதும் லாக்கப் நடுக்கம் அடங்கிய வண்டிகள் உண்டு. ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவாகவே வெளியே வரும், மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து நிரப்ப வேண்டும். இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை இவ்வளவு காலம் ஆயில் மாற்றாத பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் உங்கள் பெட்டி ஏற்கெனவே வழுக்குகிறது. தேய்ந்த தட்டைப் புது ஆயில் வளர்த்துவிடாது. சில சமயம் பழைய ஆயிலில் மிதந்துகொண்டிருந்த உராய்வுத் துகள்தான் பிடிப்பைக் கொஞ்சம் காத்துவந்திருக்கும், அதையும் எடுத்தபின் வண்டி அடியோடு நகராமல் போவதும் நடக்கிறது. அளவு குறைவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பல வண்டிகளில் டிப்ஸ்டிக் கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும், லெவல் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் ‘அளவு சரியாக இருக்கிறது’ என்று சொல்பவர் பார்க்கவில்லை.

உங்கள் வகைப் பெட்டி அல்லாதவர்களுக்குச் சுருக்கமாக: 2014இல் மாருதி செலேரியோ மூலம் நம் ஊருக்கு வந்த ஏஎம்டி, உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் இயந்திரக் கை மாற்றுகிறது, அதில் முழுப் பெட்டியை மாற்ற வேண்டிய நிலை அரிது, கிளட்ச் செட்டும் ஆக்சுவேட்டரும்தான் பெரும்பாலும் செலவு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் பல வண்டிகளில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி, இரட்டை உலர் கிளட்ச் வகை. அதன் மெக்கட்ரானிக் தொகுதி (கணினியும் வால்வுகளும் சேர்ந்தது) தனியே கழற்றக்கூடியது, தனியே பழுதுபார்க்கவும் கூடியது, ஆகவே ‘பெட்டியே போய்விட்டது’ என்ற தீர்ப்பை அங்கே எளிதில் ஏற்கக் கூடாது. படிப்படியான கியர்களே இல்லாத சிவிடி மட்டும் எதிர்த்திசை: உள்ளே எஃகுப் பட்டையும் கூம்புப் புல்லியும் ஒன்றையொன்று கீறிக்கொண்டுவிட்டால், அதைச் சீராக்கி நீடிக்க வைப்பது கடினம், பெரும்பாலும் மாற்றுவதே சரி. ஃபோர்டு வைத்திருப்பவர்கள், அந்த நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்ததை மனத்தில் கொண்டு, வண்டியைப் பிரிக்கும் முன் தேவையான பாகம் கையில் கிடைக்குமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிரித்த பெட்டி மாதக்கணக்கில் மேசைமேல் கிடப்பதைவிட மோசமான நிலை இல்லை.

இனிப் பணக்கணக்கு. நல்ல நிலையில் இருந்தால் உங்கள் வண்டி 4,25,000 ரூபாய்க்குப் போகும் என்றும், இப்படியே கொடுத்தால் 2,40,000 ரூபாய் தருவதாக ஒரு டீலர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதாவது இந்தப் பழுது வண்டியின் விலையிலிருந்து 1,85,000 ரூபாயைத் தின்றிருக்கிறது. 1,15,000 ரூபாய் கொடுத்து ஓவர்ஹால் செய்து விற்றால் கையில் நிற்பது 3,10,000. இப்படியே விற்றால் 2,40,000. புதுப் பெட்டி போட்டு விற்றால் 1,40,000. ஆக, விற்கும் எண்ணம் இருந்தால் புதுப் பெட்டி மூன்றிலும் மோசமான வழி. வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். உங்கள் 15 ஆண்டுப் பதிவு 2031 வரை இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குப் பரப்பினால் ஓவர்ஹால் ஆண்டுக்கு 23,000, புதுப் பெட்டி ஆண்டுக்கு 57,000. புதுப்பேட்டைப் பெட்டி இரண்டே ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 32,500 ஆகிவிடுகிறது. மூன்று ஆண்டு உழைத்தால்தான் ஓவர்ஹாலுக்குப் பக்கத்தில் வரும், அதிலும் மறுபடி கழற்றி மாட்டும் கூலியைச் சேர்க்கவில்லை. ‘வண்டி விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் வந்தால் தள்ளிவிடு’ என்ற பொதுச்சொல்லை நான் பெரிதாக மதிப்பதில்லை. விற்ற பிறகு இதே தரத்தில் இன்னொரு வண்டி வாங்க என்ன ஆகும், அதன் கியர்பாக்ஸ் என்ன நிலையில் இருக்கும் என்பதை அந்தச் சொல் கேட்பதே இல்லை. சர்வீஸ் சென்டரின் தாளில் பாகங்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம்; 28 என்று இருந்தால் அது பழைய தாள், தொகை குறைய வேண்டும்.

புதுப்பேட்டையைப் பற்றி இருவிதமாகவும் கேட்டிருப்பீர்கள். அங்கே நல்ல பெட்டியும் கிடைக்கிறது, பின்பக்கம் மோதி மொத்த நஷ்டமான வண்டியின் பெட்டி பொன்னான பொருள். ஆனால் விற்கிறவருக்கே அது எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது தெரியாமல் இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பெட்டியும் வெளியே துடைத்து வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்குவதென்றால் ஆயிலை வடித்து, மேலே சொன்ன வெள்ளைத் தட்டுச் சோதனையை அங்கேயே செய்யுங்கள். பாக எண் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் கியர் விகிதமும் கணினியும் மாறியிருக்கும். எதிலிருந்து எடுத்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கின்றன, கியர்பாக்ஸ் எண் இல்லை என்பதால் ஆர்டிஓவில் பதிய வேண்டியதில்லை. திருட்டு வண்டியின் பாகம் கைமாறுவதற்கு அதுவே வசதியாகவும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கணினியை உங்கள் வண்டிக்குப் பொருத்திப் பதிந்து தருபவர் யார் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

ஓவர்ஹால் என்ற சொல்லுக்கும் அகலம் அதிகம். ஒரே 1,15,000 ரூபாய்க்கு ஒருவர் எரிந்த தட்டுகளை மட்டும் மாற்றுவார், இன்னொருவர் முறையாகச் செய்வார். உராய்வுத் தட்டுகள் அனைத்தும், சூட்டில் நீலம் பாரித்த எஃகுத் தட்டுகள், எல்லா சீலும் ஓரிங்கும், பம்ப் புஷ், ஃபில்டர், இவை அடிப்படை. வால்வ் பாடியைப் பிரித்துக் கழுவி, சாலினாய்டுகளை (மின்சாரத்தால் இயங்கும் சிறு வால்வுகள்) ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டரைக் கட்டாயம் பேச்சில் கொண்டுவாருங்கள்: அது பற்றவைத்து மூடிய ஓடு, உள்ளே சேர்ந்த எரிதுகளைக் கழுவி எடுக்க வழியில்லை. லேத்தில் வெட்டித் திறந்து, லாக்கப் பூச்சை மாற்றி, மறுபடி பற்றவைத்து, நிலைச்சமன் பார்க்க வேண்டும்; அல்லது வேறு கன்வெர்ட்டர் போட வேண்டும். உங்கள் வண்டியில் நடுக்கமும் இருப்பதால் பழைய கன்வெர்ட்டரை அப்படியே திரும்ப மாட்டும் ஓவர்ஹால், செய்த நாளிலேயே பாதி வீண். கூலரையும் குழாய்களையும் கழுவ வேண்டும், நீர் கலந்திருந்தால் மாற்றவே வேண்டும். கடைசியில் கணினியின் பழைய கற்றல் மதிப்புகளை அழித்துப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்தால் நல்ல வேலைகூட முரட்டுத்தனமாகக் கியர் மாற்றும், நீங்கள் வேலையைச் சந்தேகிப்பீர்கள்.

ஆகவே என் முடிவு இது. பாடி ஒர்க்‌ஷாப்பிலோ அதற்கு நிகரான இன்னொன்றிலோ, ஸ்கேன், அழுத்தச் சோதனை, ஆயில் சோதனை மூன்றுக்கும் தனியாகப் பணம் கொடுத்து முதலில் அறிக்கை வாங்குங்கள். செதில் எதுவும் இல்லாமல் தட்டுகளும் சீல்களும் மட்டும் என்று வந்தால், கன்வெர்ட்டரையும் கூலரையும் சேர்த்த ஓவர்ஹாலைச் செய்யுங்கள். தொகை 1,40,000 ரூபாய் வரை உயர்ந்தாலும், விற்பதானால்கூட 2,85,000 கைக்கு வரும், கணக்கு இடிக்காது. கியர் விகிதங்களைத் தரும் கிரகப் பல்சக்கரமோ பெட்டியின் வெளி ஓடோ உடைந்திருந்தால், வரலாறு தெரிந்த பழைய பெட்டி அல்லது கம்பெனி மறுசீரமைத்துத் தரும் மாற்றுப் பெட்டி கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு, இரண்டும் இல்லையென்றால் வண்டியை இருக்கிற நிலையிலேயே விற்பதுதான் இந்த விலையில் நியாயம். புதுப் பெட்டி, வண்டி மூன்று நான்கு வயதுக்குள் இருந்தால், அல்லது நீட்டித்த வாரண்டியில் வந்தால் மட்டுமே; உங்களிடம் நீட்டித்த வாரண்டி இருந்து அது காலாவதியாகியிருந்தாலும், பழுது அதற்கு முன்பே புகாராகப் பதிவாகியிருந்தால் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

வேலை கொடுக்கும்போது எழுதி வாங்க வேண்டியவை: மாற்றப்படும் பாகங்களின் பெயர்ப்பட்டியல், ஆயிலின் துல்லியமான தரப்பெயர், வாரண்டி எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டர், அதில் கூலியும் ஆயிலும் அடங்குமா என்பது. ஆறு மாதத்துக்குக் குறைவான வாரண்டியை ஏற்க வேண்டாம், ஒரு கத்திரி வெயிலையாவது அது தாண்ட வேண்டும். பழைய தட்டுகளைத் திரும்பத் தரச் சொல்லுங்கள். பில் இல்லாத வேலைக்கு நுகர்வோர் ஆணையத்திலும் பேச்சு எடுபடாது.

மேலே சொன்ன சோதனைகளுக்காக அன்றி, அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். வழுக்கும் ஒவ்வொரு முறையும் உதிரும் துகள் வால்வ் பாடிக்குப் போகிறது. ஒரு கிளட்ச் தொகுதியின் செலவு முழுப் பெட்டியின் செலவாக மாறுவது அப்படித்தான். பாடி வரை கொண்டுபோக, நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டை லாரியை அழையுங்கள். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் பம்ப்பும் ஓடாது, உள்ளே ஆயில் போகாது. முன்சக்கரம் தரையில் உருள நியூட்ரலில் கயிறு கட்டி இழுத்துப்போனால், இதுவரை நன்றாக இருக்கும் புஷ்களும் பேரிங்குகளும் வழியிலேயே காய்ந்து தேயும்.